நோகும் காலும் நோகாத காலும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதார அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூறு ஆண்டு நிறைவிலே பேசுவதற்கு எத்தனையோ பெரிய விடயங்கள் இருக்க, நாங்கள் காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இருதயத்தைப் பற்றியும் புற்றுநோயைப் பற்றியும் பேசும்படி கேட்டவர்கள் பலர். பாதத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனாலேயே இதைத் தெரிவுசெய்தோம்.

கிளினிக்குகளில் நாங்கள் காணும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எங்கள் பெண்கள் எல்லா வருத்தத்தையும் சொல்லி முடித்து, மருந்துத் துண்டையும் வாங்கிக்கொண்டு எழும்பும்போதுதான், "அதோட இந்தக் காலும் கொஞ்சம் நோகுது" என்பார்கள். காலுக்கு என்று ஒரு தனி நாள் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. பொறுத்துக்கொள், நடந்தால் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பொறுமை நல்ல குணம்தான். ஆனால் பாதத்தின் விடயத்தில் அது நிறையக் கெடுதல் செய்திருக்கிறது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. இரண்டு பாதங்களிலும் 52. உடம்பில் உள்ள 206 எலும்புகளில் நாலில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. அவற்றை நூற்றுக்கும் மேற்பட்ட நார்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. இத்தனை நுட்பமான ஒன்று பழுதாகும்போது எங்களுக்குச் செய்தி அனுப்பும். அந்தச் செய்திதான் நோ. இன்று நாங்கள் சொல்லவிருப்பது இரண்டே விடயங்கள். நோகிற காலை நேரத்தோடு சொல்ல வேண்டும். நோகாமல் போய்விட்ட காலை நாங்களே தேடிப் பார்க்க வேண்டும். முதலாவது மாணவிகளுக்கும் நடுவயதினருக்கும் உரியது. இரண்டாவது எங்கள் அம்மாமாருக்கு உரியது.

மாணவிகளிலிருந்து தொடங்குவோம். எங்கள் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளின் ஆட்டம் என்றால் அது வலைப்பந்தாட்டம்தான். இலங்கை அணி 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கிண்ணத்தை வென்றது. அந்த வெற்றிகளில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் பங்கை எல்லோரும் அறிவோம். அவரைப் பார்த்து ஆட வந்த சிறுமிகள் எத்தனையோ பேர். ஆனால் இந்த ஆட்டத்தின் விதியே கணுக்காலுக்குச் சோதனையானது. பந்தை ஏந்திய பிள்ளை ஓட முடியாது. துள்ளிப் பிடித்து, ஓடிவந்த வேகத்திலேயே சட்டென்று நின்று, ஊன்றிய காலில் திரும்பி, 3 செக்கனுக்குள் பந்தை விட வேண்டும். இறங்கும் இடத்தில் இன்னொருத்தியின் பாதம் இருந்தால் கால் உட்பக்கமாகப் பிரளும். வெளிப்புற நார்கள் இழுபட்டு, சில வேளை அறுந்தும் போகும். இதைத்தான் நாம் சுளுக்கு என்கிறோம்.

கால் பிரண்டவுடன் கேட்க வேண்டிய கேள்வி, இது வெறும் சுளுக்கா, எலும்பு முறிவா என்பது. இதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் எளிய விதிகளை வகுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் வைத்தியர்கள் அவற்றைப் பாவிக்கிறார்கள். விழுந்த உடனேயும், பிறகு வைத்தியர் பார்க்கும்போதும், நொண்டியாவது நாலு அடி வைக்க முடியவில்லையென்றால் படம் எடுக்க வேண்டும். கணுக்காலின் இரு பக்கமும் முட்டி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பையோ கீழ்நுனியையோ அழுத்தும்போது எலும்பிலேயே நொந்தாலும் படம் எடுக்க வேண்டும். பாதத்தின் வெளியோரம் சின்னவிரலுக்கு நேர் பின்னால் நடுப்பகுதியில் துருத்தும் எலும்பும், உள்பக்க வளைவின் மேலுள்ள எலும்பும் அப்படியே. வீக்கத்தின் அளவை வைத்து மட்டும் எதையும் சொல்ல முடியாது. பெரிதாக வீங்கிய கால் சுளுக்காக இருக்கும். சின்ன வீக்கத்துக்குள் முறிவு ஒளிந்திருக்கும்.

முறிவு தறிவு பார்க்கும் பரியாரியாரிடம் போவது எங்கள் ஊர்களின் பழைய வழக்கம். அவர்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. எலும்பின் நிலை தெரியாமல் காலை உருவுவதையும் இழுப்பதையும் மட்டும் அனுமதிக்க வேண்டாம் என்கிறோம். முதலில் படம், மற்றதெல்லாம் பிறகு.

முறிவு இல்லையென்றால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் காலை உயர்த்தி வையுங்கள். விரல்கள் நீலம் பாயாத அளவுக்குக் கிரேப் பண்டேஜ் சுற்றுங்கள். நோவைக் குறைக்க ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 10 தொடக்கம் 15 நிமிடம் வைக்கலாம். தோலில் நேரே வைக்கக்கூடாது. இந்த நாட்களில் சுடுஒத்தடமும் எண்ணெய் தேய்ப்பும் வேண்டாம். வீக்கம் கூடும். பிறகு காலைக் கட்டிப்போட்டு மாதக்கணக்கில் படுப்பதும் பிழை. தாங்கக்கூடிய அளவுக்கு மெல்ல அசைக்கவும் ஊன்றி நடக்கவும் தொடங்க வேண்டும்.

அடுத்த படியைத்தான் பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நோ போனதும் கால் சுகமாகிவிட்டது என்று நினைக்கிறோம். நார்களுக்குள் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறதென்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் உண்டு. சுளுக்கில் அந்த உணர்வும் மழுங்கிவிடும். அதைத் திரும்பப் பழக்காத கால் மறுபடி மறுபடி அதே பக்கம் பிரளும். பழக்குவதற்குச் செலவு ஒன்றுமில்லை. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். அது இலகுவானதும், பிடிப்பதற்குச் சுவர் பக்கத்தில் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். பிள்ளை ஆட்டத்துக்குத் திரும்ப முன் மூன்றைப் பாருங்கள்: நொண்டாமல் ஓடுகிறாளா, அந்தக் காலில் மட்டும் துள்ளுகிறாளா, ஓடிக்கொண்டே சட்டென்று திரும்புகிறாளா? மூன்றும் முடியும் வரை அவள் ஆட்டத்துக்கு ஆயத்தம் இல்லை, அடுத்த நாள் இறுதிப்போட்டியாக இருந்தாலும்.

ஆசிரியர்களிடம் இன்னும் இரண்டு விடயங்களைச் சொல்ல விரும்புகிறோம். எட்டு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை ஓடிய பிறகு குதிக்கால் நோகுது என்றால், அதைச் சாட்டு என்று எண்ண வேண்டாம். அந்த வயதில் குதிக்கால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் பொருந்தி முடியவில்லை. பின்னங்கால் தசை அதைப் பிடித்து இழுப்பதால் வரும் நோ அது. ஓட்டத்தைக் குறைத்து, குதிக்கு மெத்தையான சப்பாத்துக் கொடுத்தால் நாளடைவில் மாறிவிடும்.

மற்றது பெரிய பிள்ளைகளுக்கு வருவது. விடுமுறை முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறதென்று நாளுக்கு இரண்டு தரம் ஓடும் பிள்ளைக்குப் பாதத்தின் முன்பகுதி எலும்பில் மயிரிழை போல வெடிப்பு விழலாம். 1855இல் பிரஷ்யப் படை வைத்தியர் ஒருவர் நெடுந்தூரம் நடந்த படைவீரரின் பாதங்களில் இந்த நோவைக் கண்டு எழுதினார். அதனால் இதற்கு அணிநடை முறிவு என்றே பெயர் வந்தது. முதல் இரண்டு மூன்று கிழமை எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். படம் நல்லாய்த்தான் இருக்கு என்று பிள்ளையைத் திரும்ப ஓட விடாதீர்கள். பயிற்சி எடுக்கும் பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், மாதவிடாயும் தவறிப்போனால் எலும்பு இன்னும் வேகமாகப் பலவீனப்படும். இதை விளையாட்டு ஆசிரியைதான் பிள்ளையிடம் தனியாக, பரிவோடு கேட்க வேண்டும்.

இனி எங்கள் வயதுக்காரருக்கு வருவோம். காலையில் கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் ஊசி குத்துவது போல நோகும். பத்து அடி நடந்ததும் குறையும். இருந்து எழும்பினால் திரும்ப வரும். இந்தச் சபையில் தலையாட்டுபவர்களைப் பார்த்தாலே எத்தனை பேருக்கு இருக்கிறதென்று தெரிகிறது. குதிவாதம் என்று ஊரில் சொல்வது இதைத்தான். பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வரும். குதிக்காலிலிருந்து விரல்களின் அடிவரை வில்லின் நாண்போல ஓடும் தடித்த நார்ப்பட்டை, குதி எலும்பில் ஒட்டுகிற இடத்தில் நைந்துபோவதே காரணம். படத்தில் எலும்பு முள் தெரிகிறதென்று பலர் பயந்துபோகிறார்கள். நோவே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் இருக்கிறது. அதை வெட்டி எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

இதற்கான மருந்து பயிற்சியும் பொறுமையும். கட்டிலில் இருந்தபடியே, தரையில் கால் வைக்க முன், நோகும் பாதத்தை மற்றத் தொடையில் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து மேல்நோக்கி இழுங்கள். பாதத்தின் அடியில் நார் விறைத்து நிற்பது விரலுக்குத் தெரியும். 10 வரை எண்ணி விடுங்கள். அப்படி 10 தரம் செய்யுங்கள். சுவரில் கையூன்றிப் பின்னங்கால் தசையையும் நீட்டிவிடுங்கள். வீட்டுக்குள் சீமெந்துத் தரையிலோ, வெளிநாட்டு வீடுகளின் பலகைத் தரையிலோ வெறுங்காலுடன் நிற்க வேண்டாம். தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, குதிக்கு மெத்தையும் வளைவுக்குத் தாங்கலும் உள்ளதை வாங்குங்கள். பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் மாறிவிடும். இடையில் கைவிடுபவர்களுக்குத்தான் இழுபடும்.

நடுவயதில் இன்னொன்றையும் கவனியுங்கள். கணுக்காலின் உட்புறத்துக்குக் கீழே நோவும் வீக்கமும் வந்து, பாதத்தின் வளைவு மெல்ல மெல்லத் தட்டையாகிறதா? ஒரு பக்கச் சப்பாத்து மட்டும் உள்ளோரமாகத் தேய்கிறதா? சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைக் காலின் குதியை உயர்த்திப் பாருங்கள். முடியவில்லையென்றால் வளைவைத் தாங்கும் தசைநாண் தளர்ந்து வருகிறதென்று கொள்ளலாம். நேரத்தோடு வந்தால் சப்பாத்துக்குள் வைக்கும் தாங்கலும் பயிற்சியும் போதும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் பாதம் அப்படியே கோணி இறுகிவிடும். பிறகு சத்திரசிகிச்சை பற்றித்தான் பேச வேண்டி வரும்.

பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே துருத்துவதும் பெண்களுக்கே அதிகம். குடும்பவழியும் உண்டு, கூர்மூக்குச் சப்பாத்தும் உண்டு. குடும்பத்தை மாற்ற முடியாது, சப்பாத்தை மாற்றலாம். பின்னேரத்தில் கால் சற்று வீங்கியிருக்கும், அந்த நேரத்தில் போய்ச் சப்பாத்து வாங்குங்கள். நின்றபடி போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். திருமண வீட்டுக்குக் குதியுயர்ந்த செருப்புப் போடுங்கள், நாங்கள் தடுக்கவில்லை. நாள் முழுக்க நின்று படிப்பிக்கும் ஆசிரியைகள் அதையே வேலைக்கும் போட வேண்டாம்.

இதுவரை சொன்னவையெல்லாம் நோகிற கால்கள். இனிச் சொல்லப்போவது நோகாத கால். எங்களை உண்மையில் பயப்படுத்துவது அதுதான்.

நீரிழிவு நெடுநாள் இருந்தவர்களுக்குப் பாதத்தின் நரம்புகள் மெல்லச் செத்துப்போகும். கூடவே இரத்த ஓட்டமும் குறையும். முள் குத்தினால் தெரியாது. சப்பாத்துக்குள் சின்னக் கல் கிடந்தால் தெரியாது. கோயில் வீதியின் உச்சிவெயில் மணலில் அடியழித்தாலோ, வெறுங்காலுடன் பாதயாத்திரை போனாலோ, பாதம் வெந்து கொப்புளம் போட்டதும் தெரியாது. குளிர்நாடுகளில் இருப்பவர்கள் விறைத்த காலைச் சுடுதண்ணீர்ப் போத்தலிலோ ஹீட்டரிலோ வைத்துச் சுட்டுக்கொள்வதும் இப்படித்தான். நோவில்லாதபடியால் அந்தப் புண்ணிலேயே நடக்கிறார்கள். "நோகேல்லை, அதுதான் காட்டேல்லை" என்று சொல்லிக்கொண்டு வரும்போது புண் எலும்பைத் தொட்டிருக்கும்.

நோவில்லாமை எவ்வளவு ஆபத்தானது என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் தொழுநோயாளரைப் பார்த்த வைத்தியர்கள். கொல்லிமலையில் 1914இல் பிறந்த போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வேலூரில் பணிசெய்தபோது ஓர் உண்மையைக் கண்டார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயால் அழுகி விழுவதில்லை. உணர்ச்சியில்லாததால் தினம் தினம் காயப்பட்டே அழிகின்றன. அந்த அறிவு பிறகு அமெரிக்காவில் நீரிழிவு நோயாளரின் பாதங்களைக் காக்க உதவியது. அதில் எங்கள் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1930களிலேயே, பின்னாளில் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய மில்ரோய் போல், தொழுநோயாளரின் பாதப் புண்ணுக்குப் பிளாஸ்டர் கட்டி, பாரம் ஓரிடத்தில் விழாமல் செய்து ஆற்றினார். பாதம் முழுவதும் ஒட்டினாற்போல் பிளாஸ்டர் கட்டும் அந்த முறை இன்றைக்கும் நீரிழிவுப் புண்களுக்கு உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது.

இதில் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. அம்மாவைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் மெதுவாக ஒரு செக்கன் தொடுங்கள். குத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொட்டதும் வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் அந்தக் கால்களுக்கு உணர்ச்சி குறைந்துவிட்டது. அடுத்த கிளினிக்கில் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள்.

அப்படிப்பட்ட கால்களை ஒவ்வொரு இரவும் பார்க்க வேண்டும். உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். அம்மாவால் குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கழுவிய பின் விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும், அதன் வழியே கிருமி நுழையும். வெடித்த குதிக்கு எண்ணெய்ப்பசை பூசுங்கள், விரலிடுக்கில் பூச வேண்டாம். ஆணியைப் பிளேட்டால் செதுக்கவோ, கடையில் விற்கும் ஆணிமருந்து ஒட்டவோ வேண்டாம். செருப்புப் போடமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது.

இரண்டு நிலைமைகளில் ஒரு நாளும் பிந்தக்கூடாது. நீரிழிவுள்ளவரின் பாதத்தில் புண், கொப்புளம், கறுப்பு நிறம், கெட்ட மணம் எது கண்டாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால், நோவே இல்லாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். அது உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். வைத்தியர் பார்க்கும் வரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள்.

தோழிகளே, கால் இல்லாமல் வாழ்வதென்றால் என்ன என்று எங்கள் மக்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிதிவெடியில் காலை இழந்தவர்களை எங்கள் வகுப்புகளிலேயே கண்டோம். ஜெய்ப்பூர் கால் என்ற சொல் எங்கள் ஊர்களில் சிறுபிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அந்த இழப்பைத் தடுக்க எங்களால் முடியவில்லை. இன்று வீட்டுக்குள்ளே, சத்தமில்லாமல், ஒரு கொப்புளத்தில் தொடங்கிக் கால்கள் போகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம். தடுக்க முடிந்ததைத் தடுக்காமல் விடுவதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள். விளையாட்டு அறையில் கிரேப் பண்டேஜும் ஐஸும் எப்போதும் இருக்கட்டும். ஒவ்வொரு பயிற்சியும் ஒற்றைக்காலில் நிற்கும் ஐந்து நிமிடத்தோடு தொடங்கட்டும். இரண்டாவது, அக்காவின் பழைய வெள்ளைச் சப்பாத்துக்குள் விரலை மடக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் இன்றும் வகுப்புகளில் இருக்கிறார்கள். நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுதோறும் பிள்ளையின் காலை அளந்து சப்பாத்துக் கொடுக்கலாம். பெயர் வெளியே தெரியாமல் கொடுக்க வகுப்பாசிரியைகளுக்குத் தெரியும்.

மூன்றாவது எல்லோருக்குமானது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருப்பவர்கள் கிழமைக்கு ஒருமுறையாவது வீடியோவில் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறீர்கள். அடுத்த முறை, "அம்மா, காலைக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார், வெட்கப்படுவார், ஒன்றுமில்லை என்பார். விடாதீர்கள். உள்ளங்காலைத் திருப்பிக் காட்டும் வரை கேளுங்கள். ஊரில் இருக்கும் நாங்கள், அம்மா தனியாக இருக்கும் தோழிகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்க ஆயத்தமாக இருக்கிறோம். முகவரியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.